தச்சுப் பட்டறைத் தூசி: யானை வாங்கியவர் அங்குசத்துக்குத் தயங்கலாமா?

பெங்களூர் மைசூர் சாலையை ஒட்டிய மரக்கடை வட்டாரத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பட்டறை மூடும் நேரம். தச்சுத் தொழிலாளி வாசலுக்கு வந்து சட்டையைக் கழற்றி உதறுகிறார். புருவத்தில் ஒட்டிய தூளைத் துண்டால் தட்டிவிடுகிறார். ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமிக் காறித் துப்புகிறார். பிறகு டீக்கடைக்கு நடக்கிறார். சட்டையில் இருந்த தூள் போய்விட்டது. மார்புக்குள் போன தூள் எங்கே போயிற்று?

ஊரை விட்டுப் பிழைக்க வந்தவருக்கு உடம்புதான் முதலீடு. அதை வைத்துத்தான் இங்கே வாடகை, ஊரில் தாய் தகப்பனுக்கு மாதப் பணம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு. அந்த முதலீட்டைத் தூசி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இதைத் தடுக்க லட்சக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. சரியான பொருளைச் சரியான வரிசையில் வாங்கினால் நான்கு பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகும். ஆனால் பல முதலாளிகள் இதைக் கடைசிச் செலவாகவே வைத்திருக்கிறார்கள்.

பழைய தூள் வேறு, இன்றைய தூள் வேறு

"எங்கள் அப்பா காலத்தில் தூசி இல்லையா? அவர்கள் எண்பது வயது வரை இருக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது.

இழைப்புளியில் இழைத்தால் மரம் சுருள் சுருளாக வரும். கைரம்பத்தில் அறுத்தால் வருவது பெரும்பாலும் பரபரவென்ற தூள். இரண்டும் காலடியில் விழும். கூட்டி அள்ளினால் போய்விடும். மின்சாரத்தில் சுழலும் சாண்டரும், கட்டரும், ரவுட்டரும் மரத்தை மாவாக்கிவிடுகின்றன. அதிலும் மிக நுண்ணிய பகுதி கண்ணுக்கே தெரியாது. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், இந்தத் தூசி 10 மைக்ரானுக்கும் கீழ். அது தரையில் விழாமல் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரல் வரை போகும். அறுத்தவர் மட்டுமல்ல, ஓரத்து மேசையில் பில் எழுதும் குமாஸ்தாவும் அதைத்தான் சுவாசிக்கிறார்.

அப்பா காலத்தில் அவர் தொட்டது பெரும்பாலும் மரம். இன்று பிளைவுட், எம்.டி.எஃப். பலகை. இவற்றில் மரத்தோடு பசையும் இருக்கிறது. அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கும். ஆகவே அப்பா காலத்துக் கணக்கு இப்போது செல்லாது.

மருத்துவம் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்றது. அந்த வட்டாரத்து மேஜை நாற்காலித் தொழிலாளர்களிடம், மற்றபடி மிக அரிதான மூக்கின் உட்பகுதிப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படுவதை 1960-களில் அந்நாட்டு மருத்துவர்கள் கவனித்தார்கள். 1968-ல் அது மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. 2004-ல் ஃபார்மால்டிஹைடையும் அதே வகையில் சேர்த்தது.

புற்றுநோய் பலருக்கு வருவதில்லை. வருவதானாலும் பல ஆண்டுகள் கழித்தே வரும். ஆனால் ஆஸ்துமா, ஓயாத மூக்கடைப்பு, வறட்டு இருமல், கண் எரிச்சல், தோல் அரிப்பு ஆகியவை அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை குறைந்து திங்கட்கிழமை திரும்பும் இருமல், பட்டறை இருமலாக இருக்கலாம். அதைப் பலர் "பெங்களூர்க் குளிர்" என்று சொல்லி மாத்திரை விழுங்கிவிட்டுப் போகிறார்கள்.

எவ்வளவு தூசி கூடாது? பிரிட்டனில் கடின மரத்தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை 2020-ல் 3 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகக் கணக்கிடும் அளவு அது. இதை இங்குள்ள பட்டறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று 3,000 கன அடி. அதாவது சுமார் 85 கன மீட்டர். அந்த அறை முழுவதும் சேர்த்துக் கால் கிராம் தூசி மிதந்தால் வரம்பு எட்டிவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. சாண்டரை எடுத்து ஒரு கதவைத் தேய்த்தால் எத்தனை சிட்டிகை பறக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம் எட்டாத இடம்

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவு, தூசி தொழிலாளியின் மூச்சில் சேராமல் தடுக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது பொதுவாகச் செல்லும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டத்தில், தொழிற்சாலை என்பதற்கு அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறை பழைய சட்டத்தின் வலையிலும் விழவில்லை. புதிய வலையிலும் விழாது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்கப் போவதில்லை. முதலாளியின் மனசாட்சியும் தொழிலாளியின் வாயும்தான் இங்கே சட்டம்.

குதிரைச் சக்தியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

தூசி உறிஞ்சும் கருவி வாங்கப் போகும் முதலாளி கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். அது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. எந்த இயந்திரத்தில் இருந்து எவ்வளவு தூள் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஏற்ப இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்று அல்ல.

முதலாவது, வேக்குவம் கிளீனர். பட்டறைக்கென்று விற்கும், ஈரமும் காய்ந்ததும் உறிஞ்சும் வகை. இதன் குழாய் சிறிது, இழுப்பு வலிது, ஆனால் இழுக்கும் காற்றின் அளவு குறைவு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 கன அடி. கையில் பிடிக்கும் சாண்டர், ரவுட்டர், சிறிய கட்டர் ஆகியவற்றின் பின்பக்கக் குழாயில் மாட்ட இதுவே பொருத்தம்.

இரண்டாவது, பை மாட்டிய ஊதுவிசிறி. இழுப்பு மென்மையானது, காற்றின் அளவு பெரிது. டேபிள் ரம்பத்துக்கும் பிளேனிங் மெஷினுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடிக் காற்றாவது வேண்டும். அவற்றில் வேக்குவம் கிளீனரை மாட்டினால், கிணற்று நீரைத் தம்ளரால் இறைத்த கதைதான். 4 அங்குலக் குழாயின் வாய், 2 அங்குலக் குழாயின் வாயைப் போல நான்கு மடங்கு என்பதை நினைவில் வைத்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

விலைச் சீட்டில் போட்டிருக்கும் காற்றளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. குழாயும் பையும் மாட்டாமல் வெறும் விசிறியை ஓட்டிக் கண்ட கணக்காக அது இருக்கலாம். குழாய் மாட்டி, பையில் தூசி படிந்த பிறகு அது பாதிக்கும் கீழே போகலாம். ஒன்றரை அல்லது இரண்டு குதிரைச் சக்தி மோட்டார் உள்ள கருவி, ஒரு நேரத்தில் ஒரு இயந்திரத்துக்கு என்று வைத்துக்கொண்டால், சிறு பட்டறைக்குப் போதும். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே சமயத்தில் குழாய் போட ஆசைப்படுவதுதான் செலவை ஏற்றுகிறது. கருவிக்குச் சக்கரம் வைத்து, வேலை நடக்கும் இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் குழாய்ச் செலவே இல்லை.

பணத்தைப் போட வேண்டிய இடம்

மோட்டாரில் மிச்சம் பிடிக்கலாம். இரண்டு இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஒன்று பை, மற்றொன்று குழாய்.

மலிவுக் கருவியோடு வரும் பை பலவற்றில் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூளைத்தான் பிடிக்கும். அதாவது, கூட்டி அள்ளக்கூடிய தூளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நுரையீரலுக்குப் போகும் தூசியைக் காற்றில் விசிறிவிடும். தூசி பிடிக்க வாங்கிய கருவியே தூசி பரப்பும் கருவி ஆகிவிடும். தரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து முதலாளி மகிழ்வார். தொழிலாளியின் இருமல் மட்டும் நிற்காது. ஆகவே 1 மைக்ரான் வரை பிடிக்கும் பையா என்று கேட்டு வாங்க வேண்டும். பையின் பரப்பும் பெரிதாக இருக்க வேண்டும்.

குழாய் நேராகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். எட்டு, பத்து அடிக்கு மேல் வேண்டாம். மடிப்பு மடிப்பான வளைகுழாய் காற்றை மிகவும் தடுக்கும். அதை இணைப்புக்கு இரண்டு மூன்று அடி மட்டும் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் வழவழப்பான குழாயைப் போடலாம். குழாய்க்குள் காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் ஓடினால்தான் மரச்சீவல் நடுவழியில் தங்காமல் போகும். சிறிய விசிறிக்கு 6 அங்குலக் குழாய் போட்டால் வேகம் குறைந்து தூள் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். 4 அங்குலமே சரி.

இந்த ஊரின் தட்பவெப்பம் இங்கே கைகொடுக்கிறது. குளிர் நாட்டில் பட்டறையைச் சூடாக வைக்க வேண்டும். உறிஞ்சிய காற்றை வெளியே விட்டால் சூடும் போய்விடும். அதனால் விலை உயர்ந்த வடிகட்டி போட்டு அதே காற்றை அறைக்குள் திருப்பி விடுகிறார்கள். பெங்களூரில் அந்தக் கட்டாயம் இல்லை. பின்பக்கம் நான்கடி இடம் இருந்தால், ஒரு தகரக் கூரை போட்டுக் கருவியையும் பையையும் வெளியே வைத்துவிடலாம். பையில் இருந்து கசியும் நுண்தூசி அறைக்குள் வராது, சத்தமும் குறையும். ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்கக் கூடாது. தன் தொழிலாளியின் தூசியை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அனுப்புவது பரிகாரம் ஆகாது. இடம் அப்படி அமையாத பட்டறைக்கு நல்ல பை ஒன்றே வழி.

எதை முதலில் வாங்குவது?

முதல் படிக்குக் காசு வேண்டாம். கம்ப்ரசர் காற்றை அடித்து மேசையையும் சட்டையையும் சுத்தம் செய்யும் பழக்கத்தை இன்றே நிறுத்தலாம். அடங்கிக் கிடக்கும் தூசியை எழுப்பி மூக்கில் ஏற்றும் வேலை அது. பெருக்கும்போது லேசாக ஈரமாக்கிய மரத்தூளைத் தரையில் தூவிப் பெருக்கினால் தூசி எழாது. தேய்ப்பு வேலையைக் கதவோரத்தில், காற்று வெளியே போகும் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, வேக்குவம் கிளீனர். அதை முதலில் மாட்ட வேண்டியது சாண்டரில். அளவில் அதிகம் தூள் தருவது பிளேனிங் மெஷின்தான். ஆனால் நுண்ணிய தூசியை மூக்குக்கு நேராகத் தருவது சாண்டர். 20, 30 லிட்டர் கொள்ளளவுள்ள கருவி ஐயாயிரத்தில் இருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதற்கு முன்னால், மூடியில் சுழல் கூம்பு பொருத்திய ஒரு வாளியை வைத்தால் பெரும்பகுதித் தூள் வாளியிலேயே விழுந்துவிடும். வடிகட்டி அடிக்கடி அடைக்காது. மெல்லிய பிளாஸ்டிக் வாளி இழுப்பில் நசுங்கிவிடும். கனமான வாளியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி, டேபிள் ரம்பமோ பிளேனிங் மெஷினோ நாள்தோறும் ஓடும் பட்டறைக்குப் பை மாட்டிய கருவி. விலை வேக்குவம் கிளீனரைப் போலச் சில மடங்கு ஆகும். அக்கம் பக்கத்துப் பட்டறைகள் நான்கு சேர்ந்து ஒரே கடையில் பேசினால் விலையும் குறையும். பை, குழாய் மாற்றுவதற்கும் ஒரே ஆளை வைத்துக்கொள்ளலாம்.

முகமூடி எங்கே? அது இந்தப் படிகளோடு கூடவே வர வேண்டியது. இவற்றுக்குப் பதில் அல்ல. கைக்குட்டை கட்டுவதால் நுண்தூசி நிற்காது. என்-95 வகை முகமூடி, முகத்தோடு பொருந்தி இருந்தால் நிற்கும். ஆனால் சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் அதை யாரும் கழற்றாமல் இருக்க முடியாது. போட்டவரை மட்டுமே அது காக்கும். பில் எழுதுபவரைக் காக்காது. "ஆளுக்கொரு முகமூடி கொடுத்துவிட்டேன்" என்று கை கழுவும் முதலாளி, சுமையைத் தொழிலாளியின் முகத்திலேயே கட்டிவிடுகிறார்.

நெருப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலகையில் மறைந்திருக்கும் ஆணி கட்டரில் பட்டுப் பொறி பறந்தால், அந்தப் பொறி பைக்குள் போய் இரவெல்லாம் கனலும். மாலையில் பையைக் காலி செய்துவிட்டே பூட்ட வேண்டும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரை இந்தக் குழாயில் ஒருபோதும் மாட்டக் கூடாது. எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். பிளைவுட், எம்.டி.எஃப். தூளை அடுப்பெரிக்கவும் மாட்டுத் தொழுவத்தில் பரப்பவும் கொடுக்கக் கூடாது.

சாக்குகளும் பதில்களும்

"கரண்ட் பில் ஏறும்" என்பார்கள். இரண்டு குதிரைச் சக்தி மோட்டார் என்பது ஒன்றரை கிலோவாட். இயந்திரம் ஓடும்போது மட்டும் ஓட்டினால் நாளுக்கு மூன்று மணி நேரம். சுமார் ஐந்து யூனிட். நான்கு பேர் மூச்சுக்கு ஐந்து யூனிட் அதிகமா?

"வருமானம் என்ன?" என்பார்கள். தூசி இல்லாத அறையில் பாலிஷ் பிசிறில்லாமல் வரும். இரண்டாம் முறை தேய்க்க வேண்டாம். தூளை உடனுக்குடன் இழுத்துவிட்டால் உப்புத்தாள் அடைக்காமல் கூடுதல் நாள் உழைக்கும். மாலையில் அரைமணி நேரக் கூட்டல் வேலை மிச்சம். சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் கடையானால், கருவிக்குக் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதைக் கணக்கு எழுதும் குமாஸ்தா முதலாளிக்கு எடுத்துச் சொல்லலாம். அவர் மூச்சும் அதே அறையில்தானே இருக்கிறது!

"வாங்கிக் கொடுத்தாலும் ஆட்கள் மாட்டுவதில்லை" என்று ஒரு குறையும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குழாய் கையைத் தடுக்கிறது, வேலை தாமதமாகிறது என்று கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அவர் கழற்றுவதில் வியப்பில்லை. குழாயை மேலே கொக்கியில் தொங்கவிட்டால் கையைத் தடுக்காது. மாட்டும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசினால் யாரும் கழற்ற மாட்டார்கள்.

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கினானாம். மரம் அறுக்கவும் விளிம்பு ஒட்டவும் லட்சம் ரூபாய்க்கு இயந்திரம் இறக்கும் முதலாளி, தூசிப் பைக்குப் பேரம் பேசுவது அப்படித்தான் இருக்கிறது. அடுத்த இயந்திரம் வாங்கும் முன் இந்தக் கருவியை வாங்குவது என்று ஒரு முடிவு எடுத்தால் போதும்.

தொழிலாளருக்கும் ஒரு கடமை இருக்கிறது. புதுப் பட்டறையில் வேலைக்குச் சேரும்போது கூலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓவர்டைம் உண்டா என்று கேட்கிறார்கள். "சாண்டரில் குழாய் உண்டா?" என்றும் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் முதலாளி சிரிப்பார். நாலு பேர் கேட்டால் யோசிப்பார். நல்ல கைவேலைக்காரர் கிடைக்காத இந்தக் காலத்தில், நாற்பது பேர் கேட்டால் வாங்கியே தீருவார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். ஊருக்குப் பணம் அனுப்பும் கை, ஐம்பது வயதில் மருந்துச் சீட்டோடு ஊர் திரும்பும் கையாகிவிடக் கூடாது. அதற்கு ஒரு பையும் பத்தடிக் குழாயும் வழி செய்யுமானால், அந்தச் செலவுக்கு நாள் பார்க்க வேண்டுமா?